கரண்ட் வைத்தால் தம்பியின் விரல் அசைகிறது; நிலத்தை விற்கலாமா?

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் பெண். அவருடைய தம்பிக்கு 23 வயது. இரண்டு கோடைக்கு முன்பு நண்பர்களோடு சேர்ந்து கிணற்றில் தலைகீழாகக் குதித்திருக்கிறார். கிணற்றில் பாதித் தண்ணீர்கூட இல்லை. கழுத்து எலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கியது. அறுவை சிகிச்சை செய்து, கழுத்தில் பிளேட் வைத்து, இரண்டு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'சி5, முழுமையான பாதிப்பு' என்று இருக்கிறது; சி5 என்றால் கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாம் பகுதி. தோளை அசைக்கிறார், முழங்கையை மடக்குகிறார், வலது மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் மேலே தூக்குகிறார். விரல்கள் இரு கையிலும் அசைவதில்லை. மூத்திரத்துக்கு நிரந்தரக் குழாய்.

மூன்று மாதத்துக்கு முன்பு உறவினர் ஒருவர் சின்ன கரண்ட் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பட்டையை ஒட்டி சுவிட்சைப் போட்டதும் விரல்கள் துடித்தன. வீடே அழுதது. பிறகு ஒரு தனியார் சென்டருக்கு அழைத்துப்போனார்கள். 90 நாள் மின்சிகிச்சை, இரண்டே முக்கால் லட்சம் ரூபாய், 'கை திரும்பிவிடும்' என்ற வாக்கு. வெளிநாட்டில் ஒருவர் மனதில் நினைத்தே கையை அசைத்துக் காபி குடிக்கும் வீடியோவையும் காட்டியிருக்கிறார்கள். நாற்பது சென்ட் நிலத்தை விற்கலாமா என்பது இவருடைய கேள்வி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

நிலத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிகளிலேயே நான் நின்றுவிட்டேன். முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

அந்தத் தலைவலி

'சென்டரில் கரண்ட் வைத்த இரண்டாம் நாள் தம்பிக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்தது, முகம் சிவந்து நெற்றியில் வியர்வை கொட்டியது, நரம்பு திறக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நரம்பு திறக்கவில்லை. அது உயிருக்கே ஆபத்தான நிலை.

மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது வரும். உங்கள் தம்பிக்குக் கழுத்திலேயே அடி. உடம்பின் கீழ்ப்பகுதியில் ஏதாவது ஓர் உறுத்தல் ஏற்பட்டால் போதும்: நிரம்பிய மூத்திரப்பை, மடங்கிக்கொண்ட குழாய், இறுகிய மலம், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம். சில நேரம் தோலில் வைக்கும் கரண்ட்டே காரணமாகலாம். அந்த உறுத்தலால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றைத் தளர்த்தச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் மூளையில் இரத்தக் கசிவும்கூட வரும்.

மறுபடி அப்படி வந்தால் படுக்க வைக்காதீர்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்க விடுங்கள். இடுப்புத் துணி, பெல்ட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். மூத்திரக் குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். இன்னொன்று: கழுத்தில் அடிபட்டவர்களுக்கு வழக்கமான இரத்த அழுத்தமே 90, 100 என்று தாழ்வாக இருக்கும். அவருக்கு 140 என்பது பெரிய ஏற்றம். தெரியாதவர் பார்த்துவிட்டு 'கொஞ்சம்தான் அதிகம்' என்று அனுப்பிவிடுவார். அதனால் அவருடைய வழக்கமான அளவையும் 'ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா' என்ற இந்த நிலையின் பெயரையும் ஓர் அட்டையில் எழுதிச் சக்கர நாற்காலியிலேயே தொங்கவிடுங்கள்.

தலைவலி வந்தபோது இரத்த அழுத்தமே பார்க்காத இடத்துக்கு மறுபடி போக வேண்டாம். நிலத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

விரல் எப்படி அசைந்தது?

உங்கள் ஊரில் கிணற்று மோட்டார் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைன் அறுந்துவிட்டது. மோட்டார் பழுதாகவில்லை, அதற்குப் போகும் கடைசி வயரும் நன்றாகத்தான் இருக்கிறது. ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வயரில் கொடுத்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வரும். அதனால் லைன் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். விரல் துடித்ததும் இப்படித்தான். தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் கடைசி நரம்பு உயிரோடு இருக்கிறது. மேலிருந்து வரும் வழி அடைபட்டிருக்கிறது. பட்டையில் வைத்த கரண்ட் அந்தக் கடைசி நரம்பைத் தட்டியதும் தசை சுருங்கியது.

இதைச் சொல்லி உங்கள் கண்ணீரை வீணாக்க நான் விரும்பவில்லை. அந்தத் துடிப்பு நல்ல செய்திதான், நீங்கள் நினைத்த செய்தி இல்லை என்பது மட்டுமே என் திருத்தம். அடிபட்ட இடத்திலேயே சில நரம்பு உயிரணுக்கள் செத்துப்போயிருக்கும்; அவற்றை நம்பியிருந்த தசைகள் சாதாரண மெஷினுக்கு அசையவே அசையாது. எந்தத் தசை அசைகிறது, எது அசையவில்லை என்று முறையாகச் சோதித்துக் கைக்கு ஒரு வரைபடம் போட்டுக்கொண்டால், இனி எந்தச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும். கரண்ட்டின் முதல் பயன் சோதனைதான். அந்தச் சோதனையைச் செய்யாமலே 90 நாளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டிலிருக்கும் மெஷின், நீங்கள் எழுதியதைப் பார்த்தால், வலியைக் குறைக்க விற்கப்படும் 'டென்ஸ்' வகை. தசையை வேலை வாங்குவதற்காகச் செய்தது இல்லை. முன்கையில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்து கொப்புளம் ஆனதாகவும் சொல்கிறீர்கள். அவருக்கு அங்கே உணர்ச்சி இல்லை, சுட்டாலும் தெரியாது. 'இன்னும் கொஞ்சம் ஏற்று அக்கா' என்று அவரே கேட்பார், நீங்களும் ஏற்றுவீர்கள். அந்தப் புண் முழுதாக ஆறும் வரை, சரியானவர் பார்த்துச் சொல்லும் வரை, மெஷினைப் பரண்மேல் போட்டுவிடுங்கள். கூடுதல் கரண்ட் கூடுதல் பலன் தராது. நாம் தானாகக் கையை அசைக்கும்போது களைக்காத சிறு தசைநார்கள் முதலில் இழுக்கும், தடித்தவை கடைசியில் சேரும். வெளியிலிருந்து தட்டும்போது சீக்கிரம் களைத்துப்போகும் தடித்த நார்களும் முதலிலேயே மொத்தமாக இழுக்கும். அதனால்தான் நாலு தடவை துடித்த விரல் பத்தாம் தடவை சோர்ந்துவிடுகிறது.

வீடியோவில் நீங்கள் பார்த்தது

அது பொய் இல்லை. அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரில் நடந்தது. 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சைக்கிள் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த பில் கோச்செவர் என்பவரின் மூளைக்குள் நுண்ணிய மின்முனைகளைப் பதித்தார்கள். கையிலும் தோளிலும் 36 மின்முனைகளைத் தசைக்குள் செலுத்தினார்கள். அவர் நினைப்பதைக் கணினி படித்து, அதற்கேற்ற தசைகளைத் தட்டியது. காபி குடித்தார், கரண்டியால் உருளைக்கிழங்கு மசியலைச் சாப்பிட்டார். ஆனால் கையின் பாரத்தைத் தாங்க ஒரு மோட்டார் தாங்கியும் அடியில் இருந்தது. சுற்றிலும் விஞ்ஞானிகள் நின்றார்கள். அது ஓர் ஆய்வு. அந்த வசதி இன்றும் விலைக்குக் கிடைக்காது. அந்த வீடியோவைக் காட்டிவிட்டுத் தோல்மேல் நாலு பட்டை ஒட்டுவது, விமானத்தைக் காட்டி மிதிவண்டிக்குப் பணம் வாங்குவதைப் போன்றது.

உடம்புக்குள் பதிக்கும் கருவி ஒன்று முன்பு விற்பனைக்கே வந்திருந்தது. ஃப்ரீஹேண்ட் என்று பெயர். எதிர்த் தோளை லேசாக அசைத்தால் கைவிரல்கள் மூடித் திறக்கும். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பலர் பயன்பெற்றார்கள். சில ஆண்டுகளிலேயே நிறுவனம் விற்பனையை நிறுத்திக்கொண்டது. கருவி கெடவில்லை, வியாபாரம் கட்டுப்படியாகவில்லை. உடம்புக்குள் ஒரு இயந்திரத்தை வைப்பவர் அதன் கம்பெனியின் ஆயுளையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதை நான் அதிலிருந்துதான் கற்றேன்.

அண்மையில் வந்திருப்பது வேறு வகை. கழுத்தின் பின்புறத் தோல்மேல் பட்டை ஒட்டித் தண்டுவடத்துக்கே மெல்லிய கரண்ட் கொடுக்கிறார்கள். அது விரலைப் பிடித்து இழுப்பதில்லை. தண்டுவடத்தில் மிச்சமிருக்கும் இழைகள் மூளையின் சிறு கட்டளைக்கும் செவிசாய்க்கும்படி செய்கிறது. 60 பேரிடம் நடந்த ஆய்வு 2024 மே மாதம் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. முதலில் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் கரண்ட்டோடு பயிற்சி. 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் செயலும் கூடின. அடிபட்டு 34 ஆண்டு ஆனவரும் அந்த ஆய்வில் இருந்தார்; இரண்டு ஆண்டு ஆகிவிட்டதே என்று நீங்கள் எழுதிய புலம்பலுக்கு இது என் பதில். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

ஆனால் இரண்டு விஷயம். அந்த ஆய்வில் எடுக்கப்பட்டவர்கள் முழுமையற்ற பாதிப்பு உள்ளவர்கள். கூடவே எல்லோரும் வாரக்கணக்கில் கையைப் பயிற்றுவித்தார்கள். படுத்துக்கொண்டு கரண்ட் வாங்கியவர் யாரும் இல்லை.

அப்படியானால் தம்பி 'முழுமையான பாதிப்பு' ஆயிற்றே என்பீர்கள். அந்தத் தாளை நான் அப்படியே நம்பவில்லை. சி5 என்று எழுதியிருக்கிறார்கள்; மணிக்கட்டைத் தூக்குவதோ சி6-இன் வேலை. வலது கை ஒரு படி முன்னேறியிருக்கிறது, தாள் இரண்டு ஆண்டுக்கு முன்பே நின்றுவிட்டது. முழுமையா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கையே இல்லை, மலவாய்ப் பகுதியில் தொட்டால் தெரிகிறதா, அங்கே இறுக்க முடிகிறதா என்ற சோதனை. கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. புதிதாக ஒரு முழுச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள் விற்கக் கூடாதது அந்த மணிக்கட்டு

நீங்கள் பெருமையாக எழுதிய ஒரு விஷயத்தைக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். தினமும் காலையில் உங்கள் அம்மா எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, விரல்கள் ஐந்தையும் பலகைபோல நிமிர்த்தி விடுகிறாராம். அன்போடு செய்வதுதான். இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏன் என்று உங்கள் கையிலேயே பாருங்கள். விரல்களைத் தளர்த்திக்கொண்டு மணிக்கட்டை மேலே தூக்குங்கள்: விரல்கள் தாமாக மடங்கும், கட்டைவிரல் சுட்டுவிரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிடுங்கள்: விரல்கள் திறக்கும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களின் நீளம் செய்யும் வேலை அது. விரல் நரம்பு தேவையே இல்லை. உங்கள் தம்பியைப் போன்றவர்கள் இந்த ஒரு தந்திரத்தை வைத்துக்கொண்டு பேனா பிடிக்கிறார்கள், பல் தேய்க்கிறார்கள், செல்போனை எடுக்கிறார்கள். மணிக்கட்டையும் விரலையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தி நிமிர்த்தி அந்த நாண்களைத் தளர்த்திவிட்டால் அந்தப் பிடி போய்விடும். மணிக்கட்டு மேலே இருக்கும்போது விரல்கள் மடங்கியிருக்கட்டும்; விரலை நிமிர்த்தும்போது மணிக்கட்டைக் கீழே தொங்க விடட்டும். கட்டிலில் கை ஊன்றும்போதும் உள்ளங்கையை விரித்து ஊன்றாமல் விரல்களை மடக்கி ஊன்றட்டும்.

இங்கேதான் கரண்ட் உண்மையாகவே உதவும். வலது மணிக்கட்டைத் தூக்கும் தசை பலவீனமாக இருக்கிறது, ஆனால் அவர் சொன்னால் கேட்கிறது. அவர் தூக்க முயலும் அதே நொடியில் கரண்ட்டும் சேர்ந்து தூக்கும்படி, ஒரு பொருளை எடுத்து வைக்கும் வேலையோடு, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் கண்பார்வையில் செய்தால் அந்தத் தசை பலப்பட வாய்ப்பு உண்டு. கரண்ட் கைத்தாங்கல் கொடுக்கும், நடப்பது அவர்தான்.

அடுத்தது, நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்க் கேட்கக்கூடிய வழி: தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை. முழங்கையை மடக்கும் தசைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலின் நாணோடு இணைத்தால் பிடி கிடைக்கும். தூக்க முடியாத இடது மணிக்கட்டில் இணைத்தால் அந்தக் கையும் எழும். இந்த வித்தைக்கு வேலூர் பழைய ஊர். 1940-களின் பிற்பகுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இங்கேதான் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு இதே முறையில் உயிர் கொடுத்தார். அவரிடம் கற்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

எல்லாக் கைக்கும் இது பொருந்தாது. எடுக்கப்போகும் தசை பலமாக இருக்க வேண்டும், மூட்டுகள் இறுகியிருக்கக் கூடாது, படுக்கைப் புண் இருக்கக் கூடாது. சில வாரம் கட்டு, பிறகு சில மாதப் பயிற்சி. அந்த நாளில் இப்போது செய்வதையும் அவரால் செய்ய முடியாது, உங்களில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நரம்பையே மாற்றி இணைக்கும் முறையும் உண்டு. சில தசைகளுக்கு அதற்கான காலம் கடந்திருக்கும், சிலவற்றுக்கு இன்னும் இருக்கலாம். எவை என்று சொல்வதும் மேலே சொன்ன கரண்ட் சோதனைதான்.

பணம், காகிதம்

இதில் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தை விற்க வேண்டாம். சென்டருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதை வைத்துக்கொண்டு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் வேலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 'ஆராய்ச்சிச் சிகிச்சை' என்று யாராவது சொன்னால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் கேளுங்கள். உண்மையான ஆய்வில் சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கரண்ட்டோடு 'ஸ்டெம் செல்' ஊசியும் சேர்த்து விற்க வருவார்கள். தண்டுவடக் காயத்துக்கு அது இன்னும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையிடம் ஸ்கேன், சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். மருத்துவ விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்கிறீர்கள். இரண்டு ஆண்டு! அடுத்த மருத்துவ முகாமிலேயே விண்ணப்பியுங்கள். பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நான்கு பக்கத்திலும் உங்கள் குரல் இருக்கிறது, அம்மாவின் குரல் இருக்கிறது, சென்டர்காரரின் குரல்கூட இருக்கிறது. தம்பி என்ன கேட்கிறார்? 'கை திரும்ப வேண்டும்' என்பது எந்த மருத்துவராலும் அளக்க முடியாத ஆசை. 'தானே சாப்பிட வேண்டும்', 'போனில் எழுத வேண்டும்', 'வியர்வையைத் துடைத்துக்கொள்ள வேண்டும்' என்று மூன்று வேலைகளை அவர் வாயால் சொல்லச் செய்து எழுதிக்கொண்டு போங்கள். எந்தச் சிகிச்சை தேவை என்பது அந்த மூன்றைப் பொறுத்துத்தான் மாறும்.

சாப்பாடு முதலில் இருந்தால் அதற்கு மருத்துவமனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, நீங்களே செய்யலாம். கம்பெனியில் மிஞ்சும் மெல்லிய, மிருதுவான லைனிங் தோலில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு அவர் உள்ளங்கையைச் சுற்றி வரும் அளவு இருக்கட்டும். புறங்கைப் பக்கம் வெல்க்ரோ வைத்து, உள்ளங்கைப் பக்கம் ஸ்பூனின் காம்பு இறுக்கமாக நுழையும்படி ஒரு பை தையுங்கள். தையலின் முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும், தோலில் உரசக் கூடாது. வலது கையில் மாட்டி, முதலில் தயிர்ச்சாதம் போல ஸ்பூனில் ஒட்டும் உணவாகக் கொடுங்கள். முதல் சில நாள் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கழற்றியதும் உள்ளங்கையில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் பட்டையை ஒரு நூல் தளர்த்தித் தையுங்கள்.